‘க்கு’ என்ற சமக்குறி

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் ரயில் பழையசீவரத்தில் நின்று போகும். குன்றின் மேல் லட்சுமி நரசிம்மர் கோயில், கீழே பாலாறு. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்கு இந்தக் குன்றுக்கு எழுந்தருள்வார். பிறகு மணலில் இறங்கி எதிர்க்கரைத் திருமுக்கூடலுக்குப் போவார். பாலாற்றில் செய்யாறும் வேகவதியும் வந்து கூடுகிற இடம் அது. நான் அந்தக் கரைக்குப் போவது ஒரு சுவரைப் பார்க்க. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. சி மொழியில் ஒரு சரத்தைப் பிரித்துப் படிப்பது எப்படி என்று யாராவது என்னிடம் கேட்டால், முதலில் அந்தச் சுவரைப் பற்றித்தான் சொல்வேன்.

அந்தக் கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், மாணவர் விடுதியும், வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலசாலையும், அதாவது மருத்துவமனையும், இருந்தன. மருத்துவமனையில் 15 படுக்கைகள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் அதோடு காசும். சல்லியக்கிரியை, அதாவது அறுவை மருத்துவம், செய்பவருக்கு 30 கலம். மூலிகை கொண்டுவருபவர்களுக்கு, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு, நாவிதருக்கு, தண்ணீர் கொண்டுவருபவருக்கு என்று பட்டியல் நீள்கிறது. கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள்கூடக் கல்லில் இருக்கின்றன.

இதைக் கணினிக்காரன் கண்ணோடு பார்த்தால் என்ன தெரிகிறது? ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. அடுத்த பெயர், அதற்கு அடுத்த மதிப்பு. கல்லூரிப் பிள்ளைகள் ‘கீ வேல்யூ’ என்பது இதைத்தான். அவர்கள் கோப்பில் இப்படி எழுதுவார்கள்:

இறங்குமிடம்=பழைய சீவரம்
சாலை=வீரசோழன்
படுக்கை=15
வைத்தியர்=90 கலம்
சல்லியக்கிரியை=௩௰ கலம்

கல்லில் சமக்குறி கிடையாது. வரி முடிந்தது என்பதற்கு அடையாளம் கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. வடசொல் வந்தால் கிரந்த எழுத்து, தமிழ்ச் சொல் வந்தால் தமிழ் எழுத்து. கல் முடியும் வரை எழுத்துகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். அப்படியிருந்தும் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் யாருக்கு எவ்வளவு என்பதைப் பிசகாமல் பிரித்துவிடுகிறார்கள். எதை வைத்து? ‘க்கு’ என்ற உருபை வைத்து. இன்னாருக்கு இவ்வளவு. ‘க்கு’ வந்தால் பெயர் முடிந்தது, மதிப்பு தொடங்குகிறது. நான்காம் வேற்றுமை உருபு அங்கே சமக்குறியின் வேலையைப் பார்க்கிறது. மதிப்பு எங்கே முடிகிறது என்பதை அளவையின் பெயர் காட்டிவிடும்: கலம், தூணி, பதக்கு, குறுணி, நாழி என்று பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிக்கொண்டே போகும். இறங்குவது நின்றுவிட்டால் அடுத்த ஆளின் கணக்குக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

படிப்பவர் தலைக்குள் தமிழ் இலக்கணம் இருப்பதால் இது நடக்கிறது. சி மொழியின் தலைக்குள் எதுவும் இல்லை. அதனிடம் இருப்பது பைட்டுகளின் வரிசை, அதன் முடிவில் மதிப்பு 0 கொண்ட ஒரு பைட். 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி இந்த மொழியை உருவாக்கியபோது, சரம் எவ்வளவு நீளம் என்பதைத் தனியாக எழுதி வைக்கும் ஏற்பாட்டைச் செய்யவில்லை. சுழியம் வரும் வரை படி, வந்ததும் நில். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒப்பந்தத்தின் மற்ற பிரிவுகளையெல்லாம் நிரல் எழுதுபவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் எங்கே முடிகிறது, மதிப்பு எங்கே தொடங்குகிறது, இடையில் வரும் வெற்றிடம் யாருக்குச் சொந்தம், மதிப்பே இல்லாவிட்டால் என்ன செய்வது, எல்லாமே அவர் பொறுப்பு. பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்டிலோ ஒரே வரியில் முடிகிற காரியத்தைச் சி-யில் ஏன் கற்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த ஒரு வரிக்குள் என்னென்ன முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்பது சி-யில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மேலே உள்ள ஐந்து வரிகளையும் படித்துப் பார்ப்போம்.

புதிதாகப் படிப்பவர் கை முதலில் போவது எஸ்ஸ்கேன்எஃப் என்ற செயற்கூறுக்கு. ‘சமக்குறி வரை எடுத்துப் பெயரில் வை, பிறகு ஒரு சொல்லை எடுத்து மதிப்பில் வை’ என்று ஒரே வரியில் அதனிடம் சொல்லிவிடலாம். முதல் வரியிலேயே அது கவிழும். அதன் அகராதியில் சொல் என்றால் அடுத்த வெற்றிடம் வரை. ‘பழைய’ என்பதை எடுத்துக்கொண்டு ‘சீவரம்’ என்பதை விட்டுவிடும். இந்த ஊர்ப் பெயரைச் சேர்த்து எழுதுபவர்களும் உண்டு, பிரித்து எழுதுபவர்களும் உண்டு. சேர்த்து எழுதப்பட்ட கோப்பை வைத்துச் சோதித்துவிட்டு நிரல் சரி என்று வீட்டுக்குப் போனவர், பிரித்து எழுதப்பட்ட கோப்பு வந்த நாளில் ‘பழைய’ என்ற ஊரைத் தேட வேண்டியிருக்கும். எனக்கே நடந்தது. ஓர் அலுவலகத்துக்கு முகவரிப் பட்டியலைப் பிரித்துக் கொடுத்தேன். பழைய, புதிய, மேல், கீழ் என்று அரை ஊர்ப் பெயர்களோடு உறைகள் அச்சாகிவிட்டன. அந்த உறைகளைக் கையில் வாங்கிப் பார்த்த நிமிடத்தில்தான், வெற்றிடம் பிரிப்பான் ஆகுமா ஆகாதா என்பதை நான் முடிவுசெய்யவே இல்லை, மொழியை முடிவுசெய்ய விட்டுவிட்டேன் என்பது உறைத்தது.

அதே செயற்கூறில் இதைவிடக் கொடிய குழி ஒன்று இருக்கிறது. மதிப்பை வைக்க எத்தனை பைட் இடம் ஒதுக்குவீர்கள்? ‘பழைய சீவரம்’ என்பதில் வெற்றிடத்தையும் சேர்த்து எண்ணினால் எட்டு எழுத்து, 20 போதாதா என்று தோன்றும். போதாது. யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘ழை’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ழகரமும் ஐகாரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைட். ‘ம்’ என்பதில் புள்ளி தனிக் குறியீடு. கூட்டிப் பார்த்தால் ‘பழைய’ 12, வெற்றிடம் 1, ‘சீவரம்’ 18, ஆக 31. முடிவுச் சுழியத்தைச் சேர்த்தால் 32. இருபதில் முப்பத்திரண்டைக் கொட்டினால் மீதி பன்னிரண்டு பக்கத்து இடத்தில் போய் விழும். அங்கே வேறொரு மாறி இருக்கலாம், செயற்கூறு முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியே இருக்கலாம். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அவிழ்த்துவிட்ட புழு இணையத்தில் பரவிய வழிகளில் ஒன்று இதே வகைப் பிழை. ஃபிங்கர் என்ற சேவை 512 பைட் இடத்தை வைத்துக்கொண்டு, வருகிற வரி எவ்வளவு நீளம் என்று பாராமல் வாங்கிக்கொண்டது. அந்தப் பிழைக்கு இடம் கொடுத்த ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறை சி மொழியின் 2011 தரநிலை நீக்கியேவிட்டது. எஸ்ஸ்கேன்எஃப் இன்னும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் அகலத்தை எண்ணாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டாவதாகப் பிள்ளைகள் கற்பது ஸ்டர்டாக். சரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தரும் கருவி. வெட்டுவது என்பதை இங்கே உள்ளபடியே எடுத்துக்கொள்ளுங்கள். சமக்குறி இருந்த இடத்தில் அது சுழியத்தை எழுதிவிடும். மூலச் சரம் அதற்குப் பின் மூலச் சரமாக இருக்காது. கல்வெட்டைப் படிக்கப் போனவர் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் உளியால் கொத்திவிட்டு வந்தால் எப்படி இருக்கும்? மாற்றக்கூடாத இடத்தில் உள்ள சரத்தைக் கொடுத்தால் பெரும்பாலும் நிரல் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். அதோடு, விட்ட இடத்தைத் தனக்குள் ஒரே ஒரு மறைவிடத்தில் குறித்து வைக்கிற பழக்கம் அதற்கு உண்டு. அரைப்புள்ளியால் பிரிந்த ஜோடிகளை வெளிச்சுற்றில் அதைக் கொண்டே வெட்டி, உள்ளே ஒவ்வொரு ஜோடியையும் சமக்குறியில் மறுபடி அதைக் கொண்டே வெட்டினால், உள்சுற்றின் குறிப்பு வெளிச்சுற்றின் குறிப்பை அழித்துவிடும். முதல் ஜோடியோடு நிரல் அமைதியாக நின்றுவிடும், பிழைச் செய்திகூட வராது. யூனிக்ஸ் உலகம் இதற்காகவே குறிப்பை நம் கையிலேயே கொடுக்கும் இன்னொரு வடிவத்தைச் சேர்த்தது. மூன்றாவது குறை எனக்கு மிகவும் உறுத்துவது. அடுத்தடுத்து வரும் பிரிப்பான்களை ஸ்டர்டாக் ஒன்றாகவே பார்க்கும். அரைப்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்தே பிரிப்பானாகக் கொடுத்து ‘நாவிதர்=;வைத்தியர்=90’ என்று வந்தால், நாவிதருக்கு மதிப்பு இல்லை என்ற செய்தி மறைந்து, வைத்தியர் என்பதே நாவிதரின் மதிப்பாக உட்கார்ந்துவிடும். ஒருவருக்குச் சேர வேண்டியது எழுதப்படாமல் விட்டுப்போயிருக்கிறது என்பதும் தகவல்தான். அதை விழுங்குகிற கருவியை நான் கணக்குக்குப் பயன்படுத்த மாட்டேன்.

நான் பயன்படுத்துவது எளிய வழி. ஸ்டர்கார் என்ற செயற்கூறு ஒரு சரத்தில் குறிப்பிட்ட பைட் முதன்முதலில் எங்கே வருகிறது என்று சுட்டிக்காட்டும். எதையும் மாற்றாது, எதையும் நினைவில் வைக்காது. அதை வைத்து முதல் சமக்குறியைக் கண்டுபிடிக்கிறேன். அதற்கு இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. முதல் சமக்குறி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மதிப்புக்குள் இன்னொரு சமக்குறி வரலாம். வரைபட இணைப்பு ஒன்றை மதிப்பாக வைத்தாலே வந்துவிடும். யூனிக்ஸில் 1979 முதல் சூழல் மாறிகள் ‘பெயர்=மதிப்பு’ என்ற வடிவில்தான் நிரலிலிருந்து நிரலுக்குக் கைமாறுகின்றன, அங்கேயும் முதல் சமக்குறிதான் எல்லை. சமக்குறியே இல்லாவிட்டால் ஸ்டர்கார் வெறுங்கையோடு திரும்பும். அந்த வெறுங்கையைச் சோதிக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் ஐயம் வர வேண்டும். தேடுவது ஒரு பைட்டை. சமக்குறியின் எண் 61. மூன்று மூன்று பைட்டாக இருக்கும் தமிழ் எழுத்துகளுக்குள் எங்காவது ஒரு 61 ஒளிந்திருந்தால் எழுத்தின் நடுவே வெட்டிவிடாதா? வெட்டாது. ‘க’ என்பது 224, 174, 149. புள்ளி என்பது 224, 175, 141. எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது 128-க்கும் 191-க்கும் இடையில். 128-க்குக் கீழே எதுவும் வராது. இது தற்செயலாக அமைந்தது அல்ல. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் கென் தாம்சன் யூடிஎஃப்-8 முறையை வடிவமைத்தார், ராப் பைக் உடன் இருந்தார். பழைய ஆஸ்கி எழுத்துகளின் எண்கள் வேறெந்த எழுத்துக்குள்ளும் தலைகாட்டக் கூடாது என்பது அந்த வடிவமைப்பின் நோக்கங்களில் ஒன்று. அதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு எழுதிய ஸ்டர்கார், ஒரு வரிகூட மாறாமல் தமிழைப் பிழையின்றிப் பிரிக்கிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

அந்த மகிழ்ச்சியின் அருமை பாமினி எழுத்துருவில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். யூனிகோடு பரவுவதற்கு முன் அது ஆங்கில விசைகளின் மேலேயே தமிழ் எழுத்தைப் போர்த்தியது. திரையில் ‘தமிழ்’ என்று தெரியும், கோப்பில் இருப்பதோ நான்கு ஆங்கில எழுத்தும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. அரைப்புள்ளியால் ஜோடிகளைப் பிரிக்கும் நிரலுக்கு அப்படி ஒரு கோப்பைக் கொடுத்தால் ஒவ்வொரு மெய்யெழுத்திலும் வெட்டு விழும். சோழர் காலத்துக் கல்தச்சர் புள்ளி வைக்காமல் விட்டார், படிப்பவருக்குச் சிரமம். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் நாம் புள்ளியைப் பிரிப்பானின் தலையில் வைத்தோம், அதைவிடப் பெரிய சிரமம்.

யூனிகோடு வந்தபின்னும் தமிழுக்கென்று சில முட்கள் உண்டு. ‘கொள்ளு’ என்ற பெயரைத் தேடுகிறீர்கள் என்று வையுங்கள். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடும் ஸ்டர்கம்ப் செயற்கூறுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர். ஒப்பிடும் முன் ஏதாவது ஒரு வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் வழி. நோட்பேட் போன்ற செயலிகள் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை (239, 187, 191) வைத்துவிடுவதுண்டு. முதல் வரியின் பெயர் மட்டும் ஏன் பொருந்தவில்லை என்று மணிக்கணக்கில் தேடியவர்கள் அதைக் கண்டிருப்பார்கள். விண்டோஸ் கோப்பாக இருந்தால் வரியின் வாலில் 13 என்ற பைட் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வாலையும் தலையையும் கத்தரிக்கும்போது இன்னொன்று. இது வெற்றிடமா என்று சொல்ல இஸ்ஸ்பேஸ் என்ற செயற்கூறு இருக்கிறது. சி மொழியில் ‘கேர்’ என்ற வகை கழித்தல் எண்ணைத் தாங்குமா தாங்காதா என்பதை மொழி வரையறுக்கவில்லை, இயந்திரத்துக்கு விட்டுவிட்டது. இன்டெல் வகைச் சிப்பில் பெரும்பாலும் தாங்கும். தமிழ் எழுத்தின் முதல் பைட்டான 224 அங்கே −32 ஆகிவிடும். இஸ்ஸ்பேஸ் கழித்தல் எண்ணை எதிர்பார்ப்பதில்லை, அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆர்ம் சிப்பில் லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பையில் அதே நிரல் ஒழுங்காக ஓடும். ஆங்கிலம் மட்டுமே பார்த்த நிரலில் இந்தப் பிழை வெளியே வராமல் ஆண்டுக்கணக்கில் தூங்கும், முதல் தமிழ்ச் சொல் வந்து எழுப்பும். குறியில்லாத வகைக்கு மாற்றிவிட்டு அனுப்பினால் போதும்.

பெயரும் மதிப்பும் பிரிந்துவிட்டன. மதிப்பு எண்ணாக இருந்தால் ஸ்டர்டால் என்ற செயற்கூறு கைகொடுக்கும். ‘90 கலம்’ என்பதைக் கொடுத்தால் 90 என்ற எண்ணைத் தந்து, எங்கே நின்றது என்பதையும் ஒரு சுட்டியில் சொல்லும். அது நின்ற இடத்தில் அளவை இருக்கிறது. அளவை கலம் என்றால் 12 குறுணி, குறுணி என்றால் 8 நாழி என்று பெருக்கிக்கொள்ளலாம். ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்தால் 90 கலம் என்பது நாளுக்குச் சரியாக மூன்று குறுணி, அறுவை மருத்துவரின் 30 கலம் நாளுக்கு ஒரு குறுணி. மீதமின்றி வகுபடுவதைப் பார்த்தால், கணக்கு போட்டவர் நாள்வீதத்தில் தொடங்கி ஆண்டுக்குப் பெருக்கியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எண் கிடைத்துவிட்டது என்பதற்காக அது சரியான எண் ஆகிவிடாது. இதே வட்டாரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்புக்கும் ஆட்களின் பெயர்களை ஓலையில் எழுதி, தனிக்கட்டாகக் கட்டி, கட்டின் மேல் இன்ன குடும்பு என்று வாயோலை வைத்தார்கள். வெளியே பெயர், உள்ளே மதிப்புகள். கட்டே எல்லையைக் காட்டிவிடுவதால் பிரிப்பான் தேவைப்படவில்லை. 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால் வேலியாவது இருக்க வேண்டும், வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் பெயரை எழுதவே கூடாது. சோதனை எல்லாம் ஓலை குடத்துக்குள் விழும் முன்பே. வயது=350 என்று வந்தால் ஸ்டர்டால் 350 என்று நல்லபடியாகவே தரும். குடத்துக்குள் போடலாமா கூடாதா என்று கேட்க வேண்டியது நாம். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் முதலில் வந்தது நிற்குமா, பின்னால் வந்தது நிற்குமா என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

இப்போது நம் கோப்பின் கடைசி வரி. ‘௩௰ கலம்’ என்பதைக் கண்டதும் ஸ்டர்டால் 0 என்று சொல்லும். அறுவை மருத்துவருக்கு நெல்லே இல்லை! நின்ற இடம் தொடங்கிய இடமாகவே இருக்கிறதா என்று சுட்டியைப் பார்த்தால்தான், இது சுழியம் என்ற மதிப்பு அல்ல, படிக்கத் தெரியவில்லை என்ற ஒப்புதல் என்பது விளங்கும். பத்தாயிரத்துக்கு உட்பட்ட தமிழ் எண்ணுக்கு நாமே ஒரு செயற்கூறு எழுதிக்கொள்ளலாம், இருபது வரிகூட ஆகாது. மூன்று மூன்று பைட்டாக நடக்க வேண்டும். ௧ முதல் ௯ வரை எது வந்தாலும் கையில் வைத்துக்கொள். ௰ வந்தால் கையிலிருப்பதைப் பத்தால், ௱ வந்தால் நூறால், ௲ வந்தால் ஆயிரத்தால் பெருக்கு. கையில் எதுவும் இல்லையென்றால் ஒன்று என்று கொள். பெருக்கியதைக் கூட்டுத்தொகையில் சேர்த்துவிட்டுக் கையை வெறுமையாக்கு. அடுத்த மூன்று பைட்டுகள் தமிழ் எண்ணாக இல்லாத முதல் இடத்தில், கையில் மீதி இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு, நில். ௩ கையில் ஏறுகிறது, ௰ வந்து அதைப் பத்தால் பெருக்குகிறது, அடுத்தது வெற்றிடம், நிற்கிறோம். கூட்டுத்தொகை 30. சுட்டி ‘கலம்’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கிறது.